பசை வாடை

பதினோராவது தேனீப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் தேனக்காவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. உள்ளேயிருந்து பசை வாடை அடித்தது. மரத்தோடு மரத்தை ஒட்டத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்துக் காய்ச்சுவார்களே, அந்தப் பழுப்புப் பசையின் வாடை.

"ஏங்க, பசைச் சட்டியக் கழுவி எந்தப் பெட்டியில ஊத்துனீங்க? ஈ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கப் போகுது."

கொட்டகையில் இழைப்புளி சத்தம் நின்றது. அவள் புருஷன், தச்சர், எட்டிப் பார்த்தார். வாயில் இரண்டு ஆணிகள் இருந்ததால் பேச்சு குழறியது.

"நான் பசை காய்ச்சி ரெண்டு மாசமாச்சு. ஒன் மூக்குக்கு என்னைக்கும் என்மேல ஒரு கண்ணு."

"மூக்குக்கு ஏதுங்க கண்ணு?"

"ஒனக்கு இருக்கே."

அவள் சிரித்துக்கொண்டே மூடியைப் போட்டுவிட்டாள். உள்ளே அடை தொங்குகிற சட்டத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. குளிர் விலகிப் பூ நிறைந்திருந்த காலம் அது. சரிவு முழுக்க மஞ்சள் விரிந்திருந்தது. முப்பத்தோரு பெட்டியையும் ஒரே ஆளாகப் பார்த்து முடிக்க வேண்டும். அன்றைக்குப் பார்க்காமல் விட்ட அந்த ஒரு சட்டத்தைப் பின்னால் அவள் எத்தனையோ முறை மனசுக்குள் தூக்கிப் பார்த்தாள்.

அந்த மேட்டுக்கு மின்கம்பி வந்ததில்லை. வண்டித் தடமும் கிடையாது. பஸ் நிற்கிற இடத்துக்கு இறங்க ஒரு முழு நாள் ஆகும், திரும்பி ஏற ஒன்றரை நாள். மாதம் இரண்டு முறை கழுதைக்காரர் தன் மூன்று கோவேறு கழுதைகளோடு ஏறி வருவார். மாவு, உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி இறக்கிவிட்டுத் தேனும் மெழுகும் ஏற்றிப் போவார். தேனக்கா என்று பேர் வைத்தவரும் அவர்தான். "இந்த மேட்டுல இருக்கறதே மூணு பேரு. அதுல ஒருத்தருக்காவது நான் பேர் வைக்கக் கூடாதா?" என்பார்.

மூன்றாவது ஆள் சின்னவள், தேனக்காவின் தங்கை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. அவள் புருஷன் மரம் அறுக்கப் போன இடத்தில் மரம் சாய்ந்து செத்து நான்கு வருஷமாகிறது. அதற்குப் பிறகு தேனக்கா தன் ஈக் கூட்டங்களைப் பிரித்து, ராணி ஈ வைத்து, ஐந்து பெட்டிகளை ஓடை தாண்டித் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த ஐந்தும்தான் சின்னவளுக்குச் சோறு, துணி, துணை எல்லாம்.

பத்து நாள் கழித்து மறுபடி அதே பெட்டியைத் திறந்தபோது தேனக்கா சிரிக்கவில்லை. வாடை முகத்தில் அறைந்தது. சட்டத்தை உருவி வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். ஈயாகப் போகிற புழு வளரும் அறைகளின் மூடி உப்பலாக, காய்ந்த ரொட்டி நிறத்தில் இருக்க வேண்டும். இங்கே மூடிகள் கறுத்து, எண்ணெய் பட்டது போல மினுங்கி, உள்ளே குழிந்திருந்தன. சிலதில் ஊசி குத்தியது போல ஓட்டை. மடியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து ஓட்டைக்குள் விட்டு மெதுவாக வெளியே இழுத்தாள்.

காப்பி நிறத்தில் ஒரு நூல் குச்சியோடு வந்தது. ஒரு விரல் நீளம் வந்தும் அறுபடவில்லை.

அவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு முறை மேலேறி வருகிற பூச்சி ஆபீசர் முன்பு ஒரு படத்தைக் காட்டிச் சொல்லியிருந்தார்: "அழுகல் நோய்ம்மா. புழு செத்துப் பசையா உருகிப் போயிடும். காய்ஞ்சா பெட்டியோட மரத்துல ஒட்டிக்கும். நாப்பது வருஷம் ஆனாலும் சாகாது. மருந்து கெடையாது, நெருப்பு ஒண்ணுதான்." அன்றைக்கு அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே தலையாட்டியிருந்தாள்.

பதினோராவது பெட்டி பழைய பெட்டி. கீழே யாரோ தேனீ வளர்ப்பை விட்டுவிட்டுத் தூக்கிப் போடவிருந்த நான்கு பெட்டிகளைத் தச்சர்தான் போன மழைக்கு முன்னால் கேட்டு வாங்கிக் கழுதையில் ஏற்றிக்கொண்டு வந்தார். நல்ல மரம், விடக் கூடாது என்றார். குளிர் விலகியதும் அந்த நாலிலும் அவள் புதுக் கூட்டங்களைப் பிரித்து வைத்தாள்.

கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

"அந்தப் பழைய பெட்டி நாலுக்கும் உள்ள நெருப்பு காட்டினீங்களா?"

தச்சர் இழைப்புளியை நிறுத்தாமலே, "காட்டினேனே," என்றார்.

"மண்ணெண்ணெய் ஊதுவிளக்காலயா? மூலைமுடுக்கெல்லாம் கருகற வரைக்கும்?"

"அதான் காட்டினேன்னு சொல்றேனே. ஏன், என்ன இப்ப?"

அவள் தீக்குச்சியை நீட்டினாள். நுனியில் பசை காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது. தச்சர் அதைப் பார்த்தார். பிறகு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

முப்பத்தோரு பெட்டியையும் பார்த்து முடிக்க இரண்டு நாளாயிற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குச்சி, பிறகு சாம்பல் போட்டுக் கைகழுவல். பழைய நாலிலும் நோய் இருந்தது. மற்ற பெட்டிகளில் ஐந்தில் இருந்தது. இந்த ஐந்துக்கு எப்படிப் போயிற்று என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. இளைத்த கூட்டத்துக்குப் பலம் ஏற்றப் பலமான கூட்டத்திலிருந்து புழுச் சட்டம் எடுத்து வைப்பது அவள் வழக்கம். பதினோராவது பெட்டி அப்போது கொழுத்துக் கிடந்தது. அங்கிருந்து எடுத்துத் தன் கையாலேயே ஐந்து வீட்டுக்கும் பங்கு வைத்திருந்தாள்.

மறுநாள் கழுதைக்காரர் வந்தார். பசை காய்ந்த குச்சிகள் இரண்டைத் தீப்பெட்டியில் போட்டு, பூச்சி ஆபீசருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

"எட்டு நாள்ல திரும்பிடறேன்க்கா. மத்த ஊருக்குப் போகாம நேரா வர்றேன்," என்றார் அவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கமான கிண்டல் எதுவும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் ஓடைப் பக்கம் கிளம்பினாள். தச்சர் வாசலில் மறித்தார்.

"சின்னவகிட்ட இப்பச் சொல்லாத."

"சொல்லாம? நாளைக்கே அவ ஈ இங்க வந்து தேனைத் திருடிட்டுப் போச்சுன்னா?"

"பெட்டி வாசலச் சின்னதாக்கி வையி. எட்டே நாளு. ஒருவேள வேற ஏதாவதா இருந்தா? அவ ஒண்டிக்காரி, ராத்தூக்கம் போயிடும். ஒரு வார்த்த வரட்டும், அப்பறம் நானே போய்ச் சொல்றேன்."

வேறு எதுவாகவும் இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். அவர் கெஞ்சினதற்காக மட்டும் இல்லை. தங்கை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது எட்டு நாளைக்குத் தள்ளிப் போனதில் அவளுக்கே உள்ளுக்குள் ஒரு ஆசுவாசம் இருந்தது. அதற்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவில்லை.

நோய்ப்பட்ட ஒன்பது பெட்டிக்கும் ஒரு ஈ மட்டும் நுழைகிற அளவுக்குக் குச்சி வைத்து வாசலைக் குறுக்கினாள். முழுக்க அடைத்துவிடலாம்தான். ஆனால் காலில் பூவின் மஞ்சள் மாவை உருட்டி வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறதை எப்படி அடைப்பது? பிள்ளை செத்துக்கொண்டிருக்கிற வீட்டுக்குச் சாமான் வாங்கி வருகிறவர்களைப் போல அவை வந்துகொண்டே இருந்தன.

ஏழாம் நாள் நடுப்பகல், காற்று இல்லாத வெயில். துணி காயப்போட வெளியே வந்தவள் சத்தத்தைக் கேட்டு நின்றாள். கூட்டத்து இரைச்சல் வேறு, இது வேறு. கீச்சென்று கோபமாக ஒரு சத்தம். பழைய பெட்டிகளில் ஒன்றின் முன்னால் ஈக்கள் கறுப்பாக மொய்த்தன. வாசலடியில் மெழுகுத் துருவல் உமி மாதிரி கொட்டிக் கிடந்தது. உள்ளே காவலுக்கு ஆளே இல்லை. அந்தக் கூட்டம் அவள் நினைத்ததைவிட முன்னாலேயே செத்துவிட்டிருந்தது. வந்த ஈக்கள் வயிறு முட்டத் தேனை நிரப்பிக்கொண்டு பாரம் தாங்காமல் தாழ்ந்து பறந்தன. எல்லாம் ஓடைப் பக்கமாகவே போயின.

திருட்டு ஈ யாருடையது என்று பார்க்க ஒரு வழி உண்டு. அவள் வீட்டுக்குள் ஓடி ஒரு கை மாவை அள்ளி வந்து அவற்றின்மேல் வீசினாள். பிறகு ஈரத் துணியை வாசலில் திணித்து அடைத்துவிட்டு, ஓடையில் கால் சறுக்க, முழங்கால் சிராய்க்க, அந்தப் பக்கம் ஏறினாள்.

சின்னவள் தன் பெட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்று சிரித்தாள்.

"அக்கா, வந்து பாரேன் இந்த வேடிக்கைய! என் தேனீக்கெல்லாம் நரைச்சுப் போச்சு!"

இரண்டு பெட்டிகளின் வாசலில் வெள்ளை வெள்ளையாக ஈக்கள் இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"மூணு நாளா என்னமா தேன் வருதுங்கற! பெட்டியத் தூக்கிப் பாரு, அம்மாடி, கல்லுமாதிரி கனக்குது. எந்தப் பூவுன்னே தெரியல. இந்த வருஷம் கூரைக்குத் தகரம் போட்டுடலாம்க்கா. நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற? முட்டில ரத்தம் வருது பாரு."

மூன்று நாளாக என்றாள்.

"சின்னவளே, அது பூவுலேர்ந்து வரல."

"பின்ன?"

"என் பெட்டியிலேர்ந்து வருது. சீக்குப் பெட்டி. அழுகல்."

சின்னவள் சிரிப்பு மாறாமலே நின்றாள். சிரிக்கிற வாயை மூட மறந்தவள் மாதிரி. பிறகு பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை ஈ ஒன்று வாசல் பலகையில் நின்று தன்மேலிருந்த மாவைக் காலால் துடைத்துக்கொண்டிருந்தது.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாள்." அவள் விரல்விட்டு எண்ணுகிறவள் போலக் கையைப் பார்த்தாள். "பத்து நாளா நீ இந்தப் பக்கம் வரலியேன்னு, உனக்குத்தான் மறுபடி காய்ச்சலோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு சாயங்காலம் வரலாம்னு இருந்தேன்."

"மாமாதான் ஒரு வார்த்த வரட்டும்னு..."

"மாமாவ விடு. நீ சொல்லு. ஒனக்குத் தெரியாதா? ஈ எனக்குச் சொல்லிக் குடுத்தவ நீதானே?"

"தெரியும்."

"தெரிஞ்சும்."

சின்னவள் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம்கூட மெதுவாகத்தான் கேட்டது.

மறுநாள் கழுதைக்காரர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். பூச்சி ஆபீசரின் பதில் அரைப் பக்கம்தான். தீக்குச்சி நூலாக இழுத்தால் அதுவே போதும், எனக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் கண்ட பெட்டிகளை ஈ, அடை, சட்டம், தேன் எல்லாவற்றோடும் குழியில் எரித்து மண் மூடவும். மீதியை வாரம் ஒரு முறை பார்க்கவும். திருட்டு நடந்தால் பக்கத்துப் பெட்டிகளுக்கும் பரவும். தாமதிக்க வேண்டாம்.

எரிப்பதற்கென்று கழுதைக்காரர் இரண்டு டின் மண்ணெண்ணெயும் கொண்டுவந்திருந்தார். தச்சரும் தேனக்காவும் குழி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம் போனதும் கல் தட்டியது. கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தச்சர் நின்றார். அவர் கண் டின்களின் மேலேயே இருந்தது.

"நான் காட்டல," என்றார்.

"என்னது?"

"அந்த நாலு பெட்டிக்கும் நெருப்பு காட்டல. காட்டினேன்னு சொன்னது பொய்."

அவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"குளிர்ல ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சே, பன்னெண்டு நாளு. கழுதை ஏற முடியாம பாதை அடைஞ்சு கெடந்துச்சு. இருந்த எண்ணெய் பூரா விளக்குக்கே ஊத்திட்டேன். ராவெல்லாம் எரியவிட்டேன். அது அணைஞ்சா நீயும் அணைஞ்சுடுவியோன்னு... கேணத்தனம்தான். எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. ஊதுவிளக்குக்கு ஒரு சொட்டுகூட மிச்சமில்ல."

"அப்பறம் எண்ணெய் வந்துச்சே?"

"வந்துச்சு. அதுக்குள்ள நீ எழுந்து, கூட்டம் பிரிக்கணும், பெட்டி தயாரான்னு கேட்ட. தயார்னு வாய் வந்துடுச்சு. சொன்னதுக்கப்பறம் எப்படி மாத்தறதுன்னு தெரியல. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"காஞ்ச புல்லு போட்டுக் கொளுத்தியிருந்தாகூடப் போதுமேங்க. விறகு இல்லியா நம்ம வீட்டுல? சொல்லியிருந்தா நானே செஞ்சிருப்பேனே."

"அது தோணல."

"அது தோணல," என்று அவளும் திருப்பிச் சொன்னாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். பொய் சொன்ன மனுஷனைப் பிடித்து உலுக்கலாம் என்றால், பன்னிரண்டு நாள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய மனுஷன் குறுக்கே வந்து நின்றான். அவர் மறைத்தார் என்றால் அவளும்தான் பத்து நாள் மறைத்தாள். யார்மேல் கோபப்படுவது? மண்வெட்டியை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.

எல்லா ஈயும் வீடு திரும்புகிற அந்தி நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைசியாக வந்த ஒன்றிரண்டும் நுழைந்த பிறகு வாசல்களைக் களிமண்ணால் அடைத்தாள். உள்ளே இரைச்சல் ஏறியது. அவள் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டாள். வேண்டாம் என்று தச்சர் சொல்லியும் கேட்டாள். கந்தகம் கொளுத்திப் புகைவிட்டதும் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஒன்பதையும் குழியில் இறக்கினார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நெருப்பு வைத்தது தச்சர்தான். மெழுகு உருகிப் பிடித்ததும் தீ ஆள் உயரத்துக்கு எழுந்தது. நல்ல மரம் என்று அவர் சொன்னது சரிதான், வெகுநேரம் நின்று எரிந்தது. தேன் கருகுகிற வாசனை அடுப்பில் பாகு காய்கிறது போலக் கமகமவென்று வந்தது. அந்த நேரத்திலும் வாயில் எச்சில் ஊறியதை நினைத்துத் தேனக்கா வெட்கப்பட்டாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது தீ வெளிச்சத்தில் தெரிந்தது.

நாலாவது வாரம் சின்னவளின் பெட்டிகளில் குச்சி நூல் இழுத்தது. முதலில் இரண்டு. அடுத்த வாரம் ஐந்தும். தேனக்கா உதவிக்குப் போனாள். சின்னவள் தடுக்கவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று குழி வெட்டினார்கள். குழாயடியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரே குடத்தைத் தூக்கிவிடுவது போல ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி இறக்கினார்கள். தீ வைக்கிறபோது மட்டும் சின்னவள், "குச்சியக் குடு," என்று கையை நீட்டினாள்.

இந்தப் பக்கத்திலும் தீ நிற்கவில்லை. இருபத்திரண்டு என்று மிஞ்சியது பதினாறாயிற்று, பன்னிரண்டாயிற்று. ஒவ்வொரு திங்களும் தேனக்கா தீக்குச்சியோடு கிளம்பும்போது தச்சர் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். புதுப் பெட்டி செய்கிறேன் என்பார். உள்ளே எந்தச் சத்தமும் கேட்காது.

பூ முடிகிற சமயத்தில் கழுதைக்காரர் வந்தபோது, ஒரு கழுதையின் முதுகில் சின்னவளின் தகரப் பெட்டி ஏறியிருந்தது. கீழே ஒரு சலவைக் கடையில் ஆள் தேவையாம், தங்க இடமும் கொடுக்கிறார்களாம். கழுதைக்காரர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சின்னவள் கழுதைக் கயிற்றைப் பிடித்தபடி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"இங்கேயே இருடி," என்றாள் தேனக்கா. "பன்னெண்டு இருக்கு. நல்லதாப் பாத்து ஒனக்கு..."

"எத்தன நாளைக்குக்கா அந்தப் பன்னெண்டும்?"

சின்னவள் தகரப் பெட்டியின் கட்டை இழுத்து இறுக்கினாள்.

"சாவி கதவுலயே இருக்கு. எரிக்கறதுக்கு முன்னால ஒரு அடைய மட்டும் பிழிஞ்சேன். என்னால கொட்ட முடியல. மேஜை மேல பாட்டில்ல இருக்கு. மனுஷனுக்கு ஒண்ணும் செய்யாது, ஈ படக் கூடாது, அவ்வளவுதானே? என்ன செய்யணுமோ செஞ்சிடு." கயிற்றை இழுத்தாள். "போறேன்க்கா."

போயிட்டு வரேன் என்று சொல்வாள் என்று தேனக்கா நின்றுகொண்டே இருந்தாள். கழுதைகளின் மணிச் சத்தம் வளைவில் அடங்கிப் போயிற்று.

பிற்பகலில் இரண்டு பேருமாக ஓடையைத் தாண்டிப் போனார்கள். வீடு கூட்டிப் பெருக்கி, அடுப்புச் சாம்பல் அள்ளி, பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. மேஜை மேல் பாட்டில் ஒன்று, இறுக்கமாகத் துணி கட்டி நின்றது.

"புதைச்சிடலாம்," என்றார் தச்சர்.

"வேண்டாம். அவ கையால பிழிஞ்சது. கதவச் சாத்துங்க."

கதவையும் சன்னலையும் சாத்தினார்கள். வெயிலில் தகிக்கிற அறை. அவள் ஒரு கரண்டியைத் தேடி எடுத்துத் துணியை அவிழ்த்தாள். பொன்னிறமாக, தெளிவாக, ஒரு குற்றமும் சொல்ல முடியாத தேன். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். இன்னொன்று. தொண்டை எரிகிற வரைக்கும் தின்றாள். பிறகு பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் தின்னுங்க. மிச்சம் வைக்கக் கூடாது."

தச்சர் தின்றார். தாடையெல்லாம் ஒழுகியது. கண்ணீர் எது, தேன் எது என்று தெரியவில்லை. அவர் நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் அவள் பாட்டிலைத் திரும்பத் தள்ளினாள். அடியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்போது சன்னல் கண்ணாடியில் டொக்கென்று ஒரு சத்தம். ஒரு ஈ. பின்வாங்கிப் போய் மறுபடி வந்து முட்டியது. பிறகு இரண்டு. வாசனை எந்தச் சந்து வழியாகவோ வெளியே போயிருந்தது.

"நம்ம ஈதான்," என்றார் தச்சர்.

அவள் எழுந்து, சன்னல் சட்டத்தின் இடுக்கில் முந்தானையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் தின்னுங்க," என்றாள்.